தேத்தண்ணி கொட்டிய பட்டன் போனைத் திருத்தும் விதம்

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் வீட்டு விறாந்தையில் மேசை போட்டு போன் திருத்துகிறேன். கடலுக்குப் போகிறவர்கள், வேளாண்மை செய்கிறவர்கள், கண் மங்கிய ஆச்சிமார் எல்லாரும் இன்னும் பட்டன் போனைத்தான் வைத்திருக்கிறார்கள். விழுந்தாலும் தாங்கும், சேர்ஜ் நாள்கணக்கில் நிற்கும், விரல் தடவியே நம்பர் அடிக்கலாம். நனைந்து வருகிற போன்களுக்கு மட்டும் ஒரே கதைதான்: "நல்லா காயப்போட்டன் புள்ள, எல்லாம் காஞ்சிட்டு, ஆனா அஞ்சு அமத்தினா வேலை செய்யுதில்ல."

காயப்போட்டதில்தான் சிக்கல். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். அதில் கரைந்திருந்த சீனியும் உப்பும் போகாது, பட்டனுக்கு அடியிலேயே படிந்துவிடும். அதனால் நனைந்த போனை முதலில் கழுவ வேண்டும், அப்புறம்தான் காயவைக்க வேண்டும். கேட்கிறவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பரவாயில்லை.

அதற்கும் முன்னால் பற்றரியைக் கழற்றுங்கள். சேர்ஜில் இருந்தால் சுவரில் உள்ள சுவிட்சை நிறுத்திவிட்டு வயரை இழுங்கள். உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு தடவைகூட ஓன் பண்ண வேண்டாம். பற்றரியில் இருப்பது 3.7 வோல்ட்தான், ஆனால் ஈரத்துக்குள் அந்த மின்சாரம் ஓடினால் போர்டிலுள்ள செம்பு கரையத் தொடங்கும். பட்டனைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருப்பது அப்படி வந்ததுதான். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, பட்டன் பக்கம் கீழே பார்க்கும்படி ஒரு துணியில் கவிழ்த்து வையுங்கள். உதறாதீர்கள், உதறினால் நனையாத இடத்துக்கும் ஈரம் போகும்.

என்ன கொட்டியது என்பதைப் பொறுத்துத்தான் அவசரம். மழைத்துளி என்றால் பெரும்பாலும் திறந்து துடைத்துக் காயவைத்தாலே போதும். சீனி போட்ட பிளேன்டீ, பால் தேத்தண்ணி, சோடா எல்லாம் ஒட்டும், ஆனால் ஓரிரு நாள் பொறுக்கும். கடல் தண்ணீர் பொறுக்காது. ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது, மணித்தியாலக் கணக்கிலேயே அரிக்கத் தொடங்கிவிடும். வாவித் தண்ணீர் இரண்டுக்கும் நடுவே. வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில் அதையும் கடல் தண்ணீராகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணீர் எடுக்காதீர்கள். நம் கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் இருக்கிறது. பெற்றோல் செட்டிலும் வாகனச் சாமான் கடையிலும் பற்றரித் தண்ணி என்று விற்பார்கள், அது வடித்த தண்ணீர். கரைந்த உப்பு எதுவும் இருக்காது. அசிட்டையும் அதே கடையில்தான் வைத்திருப்பார்கள், லேபிளை வாசித்து வாங்குங்கள். அதோடு ஐசோபுரோப்பைல் அல்கஹோல், 99 சதவீதமானது. கீழே ஸ்பிரிட் என்று சொல்வது இதைத்தான். 70 சதவீதம் என்று எழுதியிருந்தால் மிச்சம் தண்ணீர், ஆகவே காய நேரம் எடுக்கும், மற்றபடி பாதகமில்லை. பார்மசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும், அது வேண்டாம். தின்னர் வேண்டவே வேண்டாம். பட்டனில் உள்ள எழுத்தையும் அழித்து, பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும்.

திறப்பது பெரிய வித்தை இல்லை. பற்றரிக்குப் பின்னால் தெரியும் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். சில போனுக்கு நட்சத்திரத் தலை ஸ்க்ரூ, டி5 அல்லது டி6 வேண்டும். மலிவான சீனப் போன்களில் சின்னக் கூட்டல் தலை. சிம் வாங்கும்போது அதைச் சுற்றி வருகிற பிளாஸ்டிக் அட்டை இருக்கிறதல்லவா, அதன் விளிம்பை மூடிக்கு இடையில் விட்டு நகர்த்தினால் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடும். கத்தியால் நெம்பினால் மூடி வடுப்படும். கழற்றிய ஸ்க்ரூக்களை செலோடேப்பில் வரிசைப்படி ஒட்டி வையுங்கள். நீளமான ஸ்க்ரூ கட்டையானதன் துளைக்குள் போனால் திரையில் குத்தும்.

இப்போது மேலே இருக்கும் ரப்பர் பட்டன் பாய் தனியாக வரும். அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கொடியில் போட்டுவிடலாம், அதற்கு ஒன்றும் ஆகாது.

அதன் கீழே போர்டில் ஒட்டியிருக்கும் மெல்லிய தாள்தான் டோம் சீட். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் நேரே, பருப்பு அளவில், குவிந்த ஒரு தகடு அந்தத் தாளின் பசையில் ஒட்டியிருக்கும். அமத்தும்போது 'டிக்' என்று கேட்பது இந்தத் தகடு உள்ளே குழிந்து மறுபடி எழும்பும் சத்தம். தகட்டுக்கு அடியில் போர்டில் தங்கப் பூச்சுப் பூசிய ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் இருக்கும். தகட்டின் விளிம்பு வட்டத்தில் எப்போதும் உட்கார்ந்திருக்கும். அமத்தினால் நடுப்பகுதி புள்ளியைத் தொடும், இரண்டும் இணையும், போனுக்கு 5 என்று தெரியும். அவ்வளவுதான் சங்கதி. சீனி காய்ந்து புள்ளியின் மேல் படலமாக நின்றால் பட்டன் வேலை செய்யாது. உப்பு ஈரத்தோடு வட்டத்துக்கும் புள்ளிக்கும் இடையில் பாலம் போட்டால் யாரும் அமத்தாமலே 5, 5, 5 என்று ஓடும். மாரி காலத்தில் மட்டும் "தானா அடிக்குது" என்று வரும் போன்கள் பெரும்பாலும் இந்த ரகம். உள்ளே இருக்கும் உப்பு காற்றின் ஈரத்தைக் குடித்து மறுபடி விழித்துக்கொள்கிறது.

டோம் சீட்டை ஒரு மூலையிலிருந்து மெதுவாகக் கிளப்புங்கள். அவசரப்பட்டால் தகடு நெளியும், நெளிந்த தகடு பிறகு 'டிக்' சொல்லாது. பசை இறுகியிருந்தால் மேசை விளக்கின் கீழே சற்று வைத்துச் சூடேற்றுங்கள். தேத்தண்ணி போன போன் என்றால் வட்டங்களைச் சுற்றி மண்ணிறக் கோடு தெரியும். கடல் தண்ணீர் என்றால் வெள்ளைத் தூளும் பச்சையும். சீனிக்கும் உப்புக்கும் முதலில் தண்ணீர்தான், ஸ்பிரிட்டில் அவை சரியாகக் கரையாது. மெதுவான பல் துலக்கும் பிரஷ்ஷைப் பற்றரித் தண்ணியில் தோய்த்து வட்டங்களைத் தேயுங்கள், திரையின் பக்கம் தண்ணீர் ஓடாதபடி போர்டைச் சாய்த்துப் பிடியுங்கள். பிறகு ஸ்பிரிட்டில் தோய்த்த பிரஷ்ஷால் அதே இடத்தை மறுபடி. அது மிச்சத் தண்ணீரை இழுத்துக்கொண்டு சீக்கிரம் பறந்துவிடும். எளிதில் தீப்பற்றும் சாமான், அடுப்படியிலும் விளக்குத் திரிக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

பச்சை போகவில்லையா, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை அழிரப்பரால் மென்மையாகத் தேயுங்கள். அரத்தாளும் பிளேடும் எடுக்கக் கூடாது. தங்கப் பூச்சு மிகவும் மெல்லியது, அது போய்விட்டால் அடியிலுள்ள செம்பு மறுபடி மறுபடி பச்சை பிடிக்கும். தகடுகளின் உட்புறத்தைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடையுங்கள், பசையில் ஸ்பிரிட் படாமல்.

போன் முழுவதும் கடலில் விழுந்தது என்றால் பட்டன் பக்கம் மட்டும் துடைத்துப் பயனில்லை. போர்டின் பின்பக்கத்தையும் அதே மாதிரிக் கழுவ வேண்டும். போர்டிலுள்ள தகர மூடிகளுக்குள் போன உப்பை வீட்டில் எடுக்க முடியாது, ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசொனிக் தொட்டி உள்ள கடைக்குக் கொடுப்பதுதான் நல்லது.

காயவைப்பதைப் பற்றி. அரிசிக்குள் புதைப்பதை விடுங்கள். நெல் விளையும் ஊர், வீட்டில் அரிசி இருக்கிறது, அதற்காக அது மருந்தாகிவிடாது. உப்பை அது உறிஞ்சாது, தவிட்டுத் தூள் சேர்ஜர் ஓட்டைக்குள் போவதுதான் மிச்சம். ஹெயர் டிரையரும் பசையை இளக்கிவிடும். வரண்ட கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் திறந்த போர்டை நிழலில் ஜன்னலோரம் வைத்தாலே ஒரு பகலில் காய்ந்துவிடும். மாரியில் அப்படி நம்ப முடியாது. மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள் வைத்து, அப்புறம் செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பிஸ்கட் தகரத்தில் மூடி இன்னொரு நாள் வையுங்கள்.

டோம் சீட்டைத் திருப்பி ஒட்டும்போது அதிலுள்ள சின்னத் துளைகள் போர்டின் துளைகளுக்கு நேரே வர வேண்டும். பசை செத்துப்போயிருந்தால் மேலே மெல்லிய செலோடேப் ஒட்டலாம், ஆனால் நான்கு பக்கமும் இறுக மூடிவிடாதீர்கள். தகட்டுக்கு அடியிலுள்ள காற்று வெளியேற வழியில்லாவிட்டால் பட்டன் மந்தமாகிவிடும். ஓடுகிற மொடல்களுக்குப் புதுச் சீட் கல்முனையிலும் மட்டக்களப்பு ரவுணிலும் கேட்டுப் பார்க்கலாம்.

மூடுவதற்கு முன்பே பற்றரியைப் பிடித்து ஓன் பண்ணி, ஒவ்வொரு தகட்டையும் தீக்குச்சியின் பின்முனையால் அமத்திப் பாருங்கள். ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அந்தத் தகடு அல்லது வட்டம், மறுபடி துடையுங்கள். ஒரு வரிசையே செத்திருந்தால், உதாரணமாக 1, 4, 7 மூன்றும் சேர்ந்து, தகடுகளைக் குறை சொல்லாதீர்கள். பட்டன்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளில் இணைத்திருப்பார்கள், அதில் ஒரு கோடு எங்கோ அரித்து அறுந்திருக்கிறது. மல்டிமீற்றரில் தொட்டுக்கொண்டே போனால் அறுந்த இடம் பிடிபடும், தலைமயிர் அளவு செம்புக் கம்பி ஒன்றை ஈயம் வைத்து இணைக்க வேண்டும். கை நடுங்காதவர்களுக்கு அது ஒரு மணித்தியால வேலை.

எழுத்துப் பட்டன்கள் நிறைய உள்ள பிளாக்பெரி மாதிரிப் போன்களுக்கும் இதே முறைதான், தகடுகள்தான் கூடுதல். தூசும் தண்ணீரும் தாங்கும் என்பதற்கு ஐ.பி.67 என்று பெட்டியில் எழுதியிருக்கும் போன்களை நம்பி வாவியில் இறங்க வேண்டாம். 1 மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் என்ற அந்தக் கணக்கு நல்ல தண்ணீருக்கு, உப்புத் தண்ணீருக்கு இல்லை.

பற்றரியைப் பற்றி ஒன்று. தேத்தண்ணி பட்டது என்றால் முனைகளைத் துடைத்துவிட்டுப் போடலாம். கடல் தண்ணீரில் ஊறியதையும், மேசையில் வைத்துச் சுழற்றினால் பம்பரமாகச் சுற்றுகிற அளவுக்கு வயிறு ஊதியதையும் நான் எந்தப் போனிலும் போட்டுக் கொடுப்பதில்லை. "கொஞ்ச நாளைக்குத்தானே புள்ள" என்று கெஞ்சுவார்கள். புதுசு வாங்கிக்கொண்டு வாங்க, கூலி வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். பழையதை அடுப்பிலும் போடாதீர்கள், வாவியிலும் எறியாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, பழைய பற்றரி எடுக்கும் கடையில் கொடுத்துவிடுங்கள்.