வீட்டோடு ஒரு கார் பட்டறை: காசு வீணாகும் இடங்கள்

வீட்டுப் பக்கவாட்டில் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஆயில் மாற்றுவது, பிரேக் பேடு மாற்றுவதெல்லாம் கை பழகிவிட்டது. ஒரு ஷெட் போட்டால் என்ன என்று யோசிக்கிறவர்கள் முதலில் செய்கிற காரியம், டூல்ஸ் வாங்குவது. நானும் அப்படித்தான். கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே நூற்றுச் சொச்சம் உருப்படிகள் கொண்ட ஒரு பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. அதில் பாதியை இன்றுவரை நான் தொட்டதில்லை. ஸ்பேனரை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். ஊற்றிய கான்கிரீட்டையும் சுவருக்குள் போன வயரையும் மறுபடி தொட்டால் இரட்டைச் செலவு. கையிருப்பு எந்த வரிசையில் கரைகிறது என்பதைக் கவனிக்காமல் விடுவதுதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய்.

இடத்தை எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் கார் நிறுத்தும் போர்டிகோ பெரும்பாலும் 10க்கு 15 அடி. ஸ்விஃப்ட் போன்ற காரின் நீளம் ஏறக்குறைய 12 அடி 8 அங்குலம், அகலம் 5 அடி 8 அங்குலம். கார் உள்ளே போய்விடும், ஆனால் வேலை செய்ய ஆள் நுழைய முடியாது. இரண்டு பக்கமும் 3 அடி விட்டால்தான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழ முடியும். பானட்டுக்கு முன்னால் நிற்கவும் மேசை போடவும் நாலரை அடி, பின்னால் இரண்டரை அடி. கூட்டிப் பாருங்கள், 12க்கு 20 அடி வருகிறது. அவ்வளவு இடம் இல்லையென்றால் ஒரு பக்கச் சுவரை விட்டுவிட்டுக் கூரையை மட்டும் நீட்டலாம். சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டு, காரை உள்ளே விட்டு, நான்கு கதவையும் டிக்கியையும் திறந்து பார்க்காமல் கொத்தனாரைக் கூப்பிடாதீர்கள்.

அடுத்தது தரை. செலவைக் குறைக்கிறேன் என்று எல்லாரும் கை வைக்கும் இடம் இது. டைல்ஸ் போட்டால் ஆயில் சிந்திய அன்றே வழுக்கும், ஜாக்கி ஏறிய அன்றே விரிசல் விடும். பேவர் பிளாக் மலிவு, பார்க்கவும் அழகு, ஆனால் சக்கரம் வைத்த டிராலி ஜாக்கிக்கு ஆகாது. காரைத் தூக்கும்போது ஜாக்கியின் கை வில் போன்ற பாதையில் மேலே போகிறது. அதற்கு ஈடாக ஜாக்கியின் சக்கரங்கள் காருக்கு அடியில் கொஞ்சம் உருள வேண்டும். சக்கரம் பேவர் இடுக்கில் மாட்டிக்கொண்டால் ஜாக்கி உருளாது, தலைப்பகுதி நழுவும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டவன் இல்லை நான். பம்பருக்கு அடியில் "கிரீச்" என்று சத்தம் வந்த பிறகுதான் புரிந்தது.

கீழே மண்ணை நன்றாகத் திம்ஸு கட்டையால் இடித்து இறுக்கி, மேலே 4 அங்குலக் கான்கிரீட் போட்டால் சிறிய காருக்குப் போதும். வழவழப்பாக இழைக்கச் சொல்லாதீர்கள், லேசான சொரசொரப்பு இருக்கட்டும். வாட்டம் 100 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் வாசல் பக்கம் பார்த்து இருந்தால் தண்ணீர் ஓடிவிடும். அதாவது 20 அடி நீளத்துக்கு இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் சாய்த்தால் தூக்கி நிறுத்திய கார் நம்மைப் பார்த்து நகர நினைக்கும். அப்புறம், தண்ணீர் கட்டுவது. இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் எரிசாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட். அதற்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்திவிட்டால் காவல் காக்க வேண்டியதில்லை. 28 நாள் முடியும் முன் அந்தத் தரையில் காரை ஏற்றி ஜாக்கி வைக்கிற அவசரம் யாருக்கும் வேண்டாம்.

தரை மட்டம் தெருவைவிட உயரமாக இருக்கட்டும் என்று ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒரு அடி உயரத்தை மூன்றடி சரிவில் ஏற்றினால் காரின் அடிவயிறு தட்டும். குறைந்தது ஆறேழு அடிச் சரிவு வேண்டும். அதையும் முதலில் போட்ட கோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஷெட் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு, காருக்கு அடியில் இறங்கி நின்று வேலை செய்ய ஒரு குழி தோண்டும் ஆசை வரும். சர்வீஸ் ஸ்டேஷனில் பார்த்தது மனதில் நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் முடிவு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. குழிக்குள் இறங்கித் தேங்கி நிற்கும், மூக்குக்கும் சில நிமிடங்களில் பழகிப்போகும். அந்த நேரத்தில் கீழே தொங்கும் ஒரு குண்டு பல்பு உடைந்தால் போதும். மழைக்காலத்தில் ஊற்று நீர் ஏறி, நீங்கள் செலவழித்துக் கட்டியது தொட்டியாகிவிடும். குழந்தைகள் ஓடும் வீடு என்றால் இன்னொரு கவலையும் சேரும். அந்தக் காசில் காரை ஏற்றி நிறுத்த ஒரு ஜோடி இரும்புச் சாய்தளமும், தூக்கிய காரைத் தாங்கும் நல்ல ஸ்டாண்டு நான்கும் வாங்கலாம்.

ஸ்டாண்டு என்று சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு இல்லை. ஹைட்ராலிக் ஜாக்கியில் ஒரு சீல் தேய்ந்தாலும் கார் கீழே வரும். சிலர் அதற்குப் பதிலாகச் செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடுக்கி வைக்கிறார்கள். செங்கல்லும் பிளாக்கும் முன்கூட்டி வளைந்து காட்டிவிட்டு உடைவதில்லை, ஒரே நொடியில் தூளாகும். கீழே நீங்கள் படுத்திருப்பீர்கள். பட்ஜெட் எவ்வளவு சுருங்கினாலும் இந்த ஒரு இடத்தில் மலிவு பார்க்காதீர்கள்.

கூரை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிறப்பூச்சுள்ள தகர ஷீட்டு போதும், இடையிடையே ஒளி ஊடுருவும் ஷீட்டு இரண்டு போட்டால் பகலில் விளக்கு வேண்டாம். ஆனால் தூண்களைத் தரையில் போல்ட்டு அடித்து நிறுத்துவதோடு விட்டுவிடாதீர்கள், அடியில் கான்கிரீட் கால் வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் வீசியபோது சென்னையில் எத்தனை தகரங்கள் யார் யார் வீட்டு மாடியில் போய் விழுந்தன என்பதை அன்று அங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். என்றைக்காவது காரைத் தூக்கும் லிஃப்ட் வைப்பேன் என்ற நப்பாசை இருந்தால் இப்போதே 12 அடி உயரம் விட்டுவிடுங்கள். பிறகு கூரையைத் தூக்க முடியாது.

மின்சாரம். வரவேற்பறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து வந்து 2 எச்.பி. காற்றுக் கம்ப்ரஸரை ஓட்டுகிறவர்கள் உண்டு. அந்த மோட்டார் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தைக் கிளம்பும் நொடியில் இழுக்கும். மெல்லிய வயர் சூடாகிக்கொண்டே இருக்கும், ஒருநாள் புகையும். மெயின் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு வயர், அதற்கென்று, மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் ஒரு எம்.சி.பி., மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., ஒழுங்கான எர்த். ஈரத் தரையில் செருப்பில்லாமல் நிற்கிற ஆட்கள் நாம். விளக்கை நடுக் கூரையில் ஒன்றாக மாட்டினால் திறந்த பானட்டின் நிழல் சரியாக இன்ஜின் மேல் விழும். எல்.இ.டி. டியூப்களை இரண்டு பக்கச் சுவரிலும் மாட்டுங்கள்.

மேசைக்குக் கடப்பாக்கல் போடுவதும் ஒரு வழக்கமான தப்பு. சமையலறையில் மிஞ்சியது என்று போடுவார்கள். பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸை மாட்டிச் சுத்தியலால் நாலு போடு போட்டால் கல் இரண்டாகும். பழைய கதவுப் பலகையும் ஆங்கிள் கால்களும் நன்றாக உழைக்கும்.

இப்போது டூல்ஸுக்கு வருவோம். மாருதி கார்களில் பெரும்பாலான வேலை 8, 10, 12, 14, 17, 19 மி.மீ. ஸ்பேனர் அளவுகளிலேயே முடிந்துவிடும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா என்றால் 13, 16, 18 அளவுகளும் நட்சத்திரத் தலை பிட்டுகளும் தேவைப்படும். உங்கள் காரைப் பார்த்து ஒவ்வொன்றாக வாங்கினால் பெட்டி தேவையில்லை. போல்ட்டின் தலையைக் கவ்வும் சாக்கெட் ஆறு முனையாக இருக்கட்டும். பன்னிரண்டு முனைச் சாக்கெட் துருப்பிடித்த போல்ட்டின் தலையை உருட்டிவிடும். சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகங்களைத் தேடிப் போகலாம். ஆனால் பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் பழசாக வாங்காதீர்கள்.

ஒரு தடவை ஆயில் மாற்றினால் மூன்று நான்கு லிட்டர் கழிவு சேரும். சாக்கடையில் விட்டால் அது யார் வீட்டுக் கிணற்றுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. கேனில் பிடித்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டைத் தரையில் விடவே கூடாது. இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய்விடும்.

ஷெட் தயாரானதும் தெருவில் செய்தி பரவும். "சார், என் வண்டியையும் கொஞ்சம் பாருங்களேன்" என்று ஒருவர் வருவார். பார்க்கலாம். காசு வாங்க ஆரம்பித்தால் வீட்டு மின் இணைப்பு வணிகப் பயன்பாடாகிவிடும். மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவில் இரு மடங்கு கட்டணம் போட இடம் இருக்கிறது. நான் ஒரு காபியோடு நிறுத்திக்கொள்கிறேன்.