தோற்றுப்போன சீசனைப் படிப்பது எப்படி: 2017 பிரவுன்ஸை வைத்து ஒரு பாடம்

என்எஃப்எல்லில் (அமெரிக்கக் கால்பந்து லீக்) உங்கள் அணி வாராவாரம் அடி வாங்குகிறதா? தோல்வியிலும் வகை இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்த்தால்தான் அடுத்த வருடம் தேறுமா தேறாதா என்று ஓரளவு சொல்ல முடியும். இதைப் பழக 2017 கிளீவ்லாந்து பிரவுன்ஸை எடுத்துக்கொள்ளலாம். 16 ஆட்டம், பதினாறும் தோல்வி. அதற்கு முன் 16 ஆட்ட சீசனில் ஒன்றுகூட ஜெயிக்காமல் போனது 2008 டெட்ராய்ட் லயன்ஸ் மட்டும்தான்.

முதலில் வெற்றி தோல்விக் கணக்கை விட்டுவிட்டு ஸ்கோர்களை எடுங்கள். எட்டுப் புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டு ஏன் என்றால், ஒரு டச்டவுனும் (பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது, ஆறு புள்ளி) அதற்குப் பிறகான இரண்டு புள்ளி முயற்சியும் சேர்ந்தால் எட்டு, அதாவது ஒரு தடவை பந்து கைக்கு வந்தாலே சமன் செய்துவிடக்கூடிய தூரம். பிரவுன்ஸுக்கு இப்படி ஆறு தோல்விகள்: ஸ்டீலர்ஸிடம் 21-18, கோல்ட்ஸிடம் 31-28, ஜெட்ஸிடம் 17-14, டைட்டன்ஸிடம் ஓவர்டைமில் 12-9, பேக்கர்ஸிடமும் ஓவர்டைமில் 27-21 (நான்காவது குவார்ட்டரில் 21-7 என்று முன்னிலையில் இருந்தார்கள், கொடுமை), கடைசி வாரம் மறுபடி ஸ்டீலர்ஸிடம் 28-24. நெருக்கமான ஆட்டங்களில் பாதிக்குப் பாதி ஜெயிப்பதுதான் சாதாரணமாக நடப்பது. அப்படிப் பார்த்தால் இது 3-13 அணி, அதாவது மூன்று வெற்றி, பதின்மூன்று தோல்வி. மோசம்தான், மொத்தமாக 234 புள்ளி எடுத்து 410 கொடுத்திருக்கிறார்கள், ஆனால் பூஜ்ஜியம் அளவுக்கு மோசமில்லை.

அடுத்தது டர்ன்ஓவர், அதாவது பந்தை எதிரணியிடம் பறிகொடுப்பது. என்னைக் கேட்டால் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்ப்பேன் என்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். பிரவுன்ஸ் அந்த வருடம் 41 முறை பந்தைப் பறிகொடுத்தார்கள், எதிரணியிடமிருந்து பறித்தது 13 தான், வித்தியாசம் மைனஸ் 28. இதில் திறமைக் குறைவும் உண்டு, துரதிர்ஷ்டமும் உண்டு. கீழே விழுந்து உருளும் பந்து யார் கையில் சிக்கும் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம், அது வருடா வருடம் ஒரே பக்கம் போகாது. இன்டர்செப்ஷன், அதாவது எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது, வேறு கதை. டிராஃப்டில் (அணிகள் முறை வைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) இரண்டாவது சுற்றில் எடுத்த புதுப் பையன் டெஷோன் கைசரை குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) இறக்கினார்கள், 11 டச்டவுன், 22 இன்டர்செப்ஷன். அது தானாகச் சரியாகாது, ஆளை மாற்றினால்தான் மாறும். ஆக டர்ன்ஓவர் எண்ணைப் பார்த்ததும் அதை இந்த இரண்டாகப் பிரியுங்கள்.

எல்லாப் பழியையும் அவர் தலையில் போட்டுவிடவும் வேண்டாம். 28-24 ஆட்டத்தின் கடைசியை வீடியோவில் பாருங்கள்: நான்காவது டவுன், அதாவது கடைசி முயற்சி, கைசர் எறிந்த பந்து நேராகக் கோரி கோல்மேனின் கைக்குப் போகிறது, யாரும் இடையில் தட்டவில்லை, அப்படியே நழுவுகிறது. அந்த ஆட்டத்தில் ஸ்டீலர்ஸ் தன் முதன்மை குவார்ட்டர்பேக் ரோத்லிஸ்பர்கருக்கு ஓய்வு கொடுத்திருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கஜானா, அதாவது டிராஃப்ட் வாய்ப்புகள். தரவரிசையின் தலைகீழில்தான், அதாவது மோசமான அணி முதலில், டிராஃப்ட் நடக்கும் என்பதால் முதல் தேர்வு அவர்களுக்கே. அதோடு 2017-இல் தங்கள் 12-ஆவது தேர்வை ஹூஸ்டன் டெக்ஸன்ஸுக்குக் கொடுத்திருந்தார்கள் (அதில் டெக்ஸன்ஸ் எடுத்தது குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சனை, அப்போது கிளீவ்லாந்து ரசிகர்கள் வயிறெரிந்ததில் ஆச்சரியமில்லை). பதிலுக்குக் கிடைத்த 2018 முதல் சுற்றுத் தேர்வு, ஹூஸ்டனும் சொதப்பியதால், நான்காவது இடத்தில் வந்து விழுந்தது. முதல் தேர்வில் குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்ட், நான்காவதில் டென்சல் வார்ட். உங்கள் அணி தோற்றுக்கொண்டே தன் முதல் சுற்றுத் தேர்வையும் ஏற்கெனவே விற்றிருந்தால்தான் உண்மையில் கவலைப்பட வேண்டும்.

கோச் விஷயத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அங்கேதான் உணர்ச்சி அதிகம். ஹியூ ஜாக்சன் 2016-இல் 1-15, 2017-இல் 0-16. மறுபடி 1-15 ஆனால் ஏரியில் குதிப்பேன் என்று சொன்ன வாக்கைக் காப்பாற்ற 2018 ஜூனில் ஈரி ஏரியில் குதித்தார், அதையெல்லாம் பார்த்து மனம் இளக வேண்டாம். பார்க்க வேண்டியது, நல்ல ஆட்கள் வந்த பிறகும் அதே தவறுகள் வருகிறதா என்பதுதான். 2018 முதல் ஆட்டத்தில் ஸ்டீலர்ஸிடமிருந்து ஆறு முறை பந்தைப் பறித்தும் 21-21 என்று டிராதான் செய்ய முடிந்தது. செப்டம்பர் 20 அன்று மேஃபீல்ட் இடையில் இறங்கி ஜெட்ஸை 21-17 என ஜெயித்தார்கள், 2016 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளுக்குப் பிறகு முதல் வெற்றி. ஆனாலும் எட்டு ஆட்டத்தில் 2-5-1 (கடைசி எண் டிரா). அக்டோபர் கடைசியில் ஜாக்சனை அனுப்பிவிட்டார்கள், அதே ஆட்களை வைத்துக்கொண்டு இடைக்காலக் கோச் கிரெக் வில்லியம்ஸ் மீதி எட்டில் ஐந்தை ஜெயித்தார்.