விராலடிப்பான் குஞ்சு தனியா போக ஆரம்பிக்கும்போது பாக்குறவங்க பண்ற தப்புங்க

மீன் பிடிச்சு தின்னுற வேட்டைப் பறவை விராலடிப்பான். அதோட குஞ்சு முதல் தடவையா கூட்டை விட்டு எழும்பி பறந்த அன்னிக்கு எல்லாரும் போட்டோ எடுத்து போட்டு சந்தோஷப்பட்டுட்டு, அத்தோட பைனாகுலரை உறையில போட்டு மூடி வெச்சுடுறாங்க. விராலடிப்பான் குடும்பத்தை பாக்குறவங்க பண்றதுலயே பெரிய தப்பு எதுன்னு கேட்டா நான் இதத்தான் சொல்வேன். பறக்குறது வேற, பொழைக்கத் தெரியறது வேற. முட்டையை அடைகாக்க சுமார் 37 நாள் ஆகும், பொரிச்சதுல இருந்து பறக்குறதுக்கு இன்னொரு 50ல இருந்து 55 நாள், அதுக்கப்புறமும் பல வாரம் அது அப்பன் கொண்டு வர்ற மீனைத்தான் தின்னுட்டு இருக்கும். குளிர் நாட்டுல இருந்து வலசை போற பறவைங்களுக்கு இந்த காலம் கொஞ்சம் சுருக்கமா முடிஞ்சுடும், வருஷம் பூரா ஒரே இடத்துல இருக்குற பறவைங்ககிட்ட இன்னும் நீளும். ஆஸ்ப்ரேன்னு உலகம் பூரா சொல்ற இந்த பறவையோட வாழ்க்கையில உண்மையிலயே பாக்க சுவாரஸ்யமான கட்டம் இதுதான், நாம தப்புத்தப்பா புரிஞ்சுக்கிறதும் இங்கதான் அதிகம்.

பறக்குறதுக்கு முன்னாடியே பதட்டம் ஆரம்பிச்சிடும். ஏழாவது வாரம் வாக்குல குஞ்சு கூட்டு விளிம்புல நின்னு காத்தை பாத்து ரெக்கையை அடிக்கும், அப்படியே ஒரு அடி ரெண்டு அடி மேல தூக்கிட்டு அந்தரத்துல நிக்கும், திரும்ப கூட்டுலயே இறங்கும். கூட்டுக்கு பக்கத்துல வெச்ச லைவ் கேமரால இத பாக்குறவங்க "ஐயோ விழப்போகுது, யாராச்சும் ஏதாவது பண்ணுங்க"ன்னு கமெண்ட்ல கத்துவாங்க. ஒண்ணும் பண்ண வேண்டாம். கூட்டுல ரெண்டு மூணு குஞ்சு இருந்தா மூத்தது பறந்து நாலஞ்சு நாள் ஆகியும் கடைசி குஞ்சு உக்காந்தே இருக்கும், உடனே "அதுக்கு ஏதோ குறை"ன்னு முடிவு கட்டிடுவாங்க. முட்டை ஒரே நாள்ல இடுறதில்ல, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் ரெண்டு மூணு நாள் இடைவெளி இருக்கும், அதனால பொரிக்கிறதும் முன்ன பின்னதான். அதுவும் போக பெண் குஞ்சு உடம்புல பெருசு, ஆண் குஞ்சை விட கொஞ்சம் தாமதமாத்தான் கிளம்பும். அண்ணன் பறந்த தேதியை வெச்சு தங்கச்சியை எடை போடாதீங்க.

அடுத்து காலி கூட்டு பயம். காலையில கேமராவை திறந்தா கூட்டுல யாரும் இல்ல, ஒரு மணி நேரம் ஆச்சு வரல, உடனே பருந்து தூக்கிட்டு போயிருச்சு, கழுகு அடிச்சிருச்சுன்னு கதை கிளம்பும். கேமரா பாக்குறது கூட்டை மட்டும்தானே. பறக்க கத்துக்கிட்ட குஞ்சு பக்கத்து மரத்துல, பட்டுப்போன கிளையில, கரையோர கம்பத்துலன்னு எங்க வேணாலும் உக்காந்திருக்கும், மீன் வந்தா மட்டும் கூட்டுக்கு ஓடி வரும். நேர்ல பாக்குறவங்களும் இதே தப்பை பண்றாங்க, ஸ்கோப்பை (தூரத்து பறவையை பெருசா காட்டுற தொலைநோக்கி) கூட்டு மேலயே பூட்டி வெச்சுட்டு அரை நாள் காத்திருக்காங்க. கூட்டை சுத்தி இருக்குற ஒவ்வொரு மொட்டைக் கிளையையும் மெதுவா ஒரு சுத்து பாருங்க, வெள்ளை வயிறு எங்கயாச்சும் பளிச்சுன்னு தெரியும். அதை விட சுலபம் காதை தீட்டிக்கிறது, ஏன்னா இந்த வயசு குஞ்சு சும்மா இருக்கவே இருக்காது.

அந்த சத்தத்தைத்தான் பலரும் ரொம்ப தப்பா எடுத்துக்கிறாங்க. விடாம கீச்சு கீச்சுன்னு கத்துது, அப்ப பட்டினி கெடக்குது, அப்பன் சோறு போடாம விட்டுட்டான்னு முடிவு பண்ணி, சில பேரு மீன் வாங்கிட்டு போய் கூட்டுக்கு கீழ வெக்கிற அளவுக்கு போயிடுறாங்க. தயவுசெஞ்சு அத செய்யாதீங்க. தூரத்துல ஒரு விராலடிப்பான் தெரிஞ்சாலே குஞ்சு கத்தும், அது தன்னோட அப்பன்தானான்னு கூட பாக்காது, வயிறு நிறைஞ்சிருந்தாலும் கத்தும். பசியா இல்லையான்னு தெரிஞ்சுக்க கத்தலை கேக்காதீங்க, கழுத்துக்கு கீழ நெஞ்சு மேட்டுல தீனிப்பை இருக்கும் பாருங்க, சாப்பிட்ட குஞ்சுக்கு அது உருண்டையா புடைச்சுட்டு நிக்கும். புடைப்போட உக்காந்து கத்திட்டு இருக்குற குஞ்சை நான் எத்தனையோ பாத்திருக்கேன், கல்யாண பந்தியில முதல் பந்தியிலயே சாப்பிட்டுட்டு மறுபடியும் இலைக்கு அடிபோடுற ஆளு மாதிரி.

மீன் வந்து இறங்குற அந்த ஒரு நிமிஷத்தை கவனிச்சு பாருங்க, நிறைய விஷயம் புரியும். அப்பன் பறவை வரும்போது பெரும்பாலும் மீனுக்கு தலை இருக்காது, பக்கத்துல எங்கயாச்சும் உக்காந்து தலைப்பக்கத்தை அது தின்னுட்டுத்தான் மிச்சத்தை கொண்டு வரும். "பாதி மீனைத்தான் குடுக்குது, பாவம்"னு அதுக்கும் ஒரு கமெண்ட் வரும், ஆனா வேட்டையாடுறவனும் சாப்பிடணுமில்ல. கூட்டு விளிம்புல அது கால் வெச்ச உடனே குஞ்சு தலையை தாழ்த்தி, ரெண்டு ரெக்கையையும் குடை விரிச்சாப்புல விரிச்சுக்கிட்டு பாய்ஞ்சு மீனை நகத்தால கவ்வி இழுக்கும், மத்த குஞ்சுங்களுக்கு முதுகை காட்டிட்டு மீனை மூடிக்கும். அப்பன் அங்க ஒரு நொடி கூட நிக்காது, சட்டுன்னு காலை உருவிட்டு கிளம்பிடும். இத பாத்துட்டு பாசமே இல்லைன்னு சொல்றவங்க அந்த குஞ்சோட நகத்தை ஒரு தடவை ஜூம் பண்ணி பாக்கணும், மீனோட சேத்து அப்பன் விரலையும் பிடிச்சிடும்.

அம்மா காணோம்ங்கிறது இன்னொரு பெரிய கலவரம். குஞ்சுங்க பறக்க ஆரம்பிச்சு கொஞ்ச நாள்லயே பல கூடுகள்ல தாய் பறவைதான் முதல்ல வலசை கிளம்பும், குஞ்சுங்க இன்னும் கத்திட்டு இருக்கும்போதே. உடனே தாயா இது, கல் நெஞ்சுக்காரின்னு திட்டு. அடைகாத்ததுல பெரும்பங்கு அவ, குஞ்சு சின்னதா இருக்கும்போது வெயிலுக்கும் மழைக்கும் ரெக்கையை விரிச்சு கூட்டுலயே கெடந்தது அவ, மீனை கிள்ளி கிள்ளி ஊட்டுனதும் அவதான். குஞ்சு தானே கிழிச்சு தின்ன ஆரம்பிச்சதும் அவளோட வேலை குறைஞ்சிடுது, மீன் கொண்டு வர்ற வேலை அப்பனோடது, அவன் பெரும்பாலும் கடைசி குஞ்சு கிளம்புற வரைக்கும் இருந்து கொண்டு வந்து போட்டுட்டுத்தான் போவான். அதனால பெண் பறவை ரெண்டு நாளா தெரியலைன்னா, சீசன் கடைசின்னா, அவளுக்கு எதுவோ ஆயிடுச்சுன்னு எழுதாதீங்க. ஆனா குஞ்சு இன்னும் பஞ்சு மாதிரி சின்னதா இருக்கும்போது அவ காணாம போனா அது வேற விஷயம், அப்ப கவலைப்படலாம்.

இப்ப எனக்கு ரொம்ப எரிச்சல் தர்ற ஒண்ணு. பெத்தவங்க குஞ்சுக்கு மீன் பிடிக்க கத்துக்குடுக்குதுன்னு வீடியோவுக்கு தலைப்பு போடுறது. அப்படி பாடம் எல்லாம் இல்லீங்க. இங்கிலாந்துல ரட்லண்ட் வாட்டர்னு ஒரு பெரிய நீர்த்தேக்கம் இருக்கு, 1996ல இருந்து ஸ்காட்லாந்து கூடுகள்ல இருந்து குஞ்சுங்களை கொண்டு வந்து அங்க வளத்து விட்டாங்க, அப்பா அம்மா யாரும் கூட வரல. அந்த குஞ்சுங்க தானாவே பறந்துச்சு, தானாவே மீன் பிடிக்க பழகிக்கிச்சு, வழி காட்ட ஆளில்லாமலே ஆப்பிரிக்கா வரைக்கும் வலசை போச்சு, அதுல பிழைச்சு திரும்பி வந்ததுல இருந்து 2001ல அங்கயே குஞ்சு பொரிச்சுது. வேட்டை பிறவியிலயே இருக்குது, பழக்கம்தான் வரணும்.

பழகுறத பாக்குறதுதான் வேடிக்கை. பெரிய பறவை மேல நின்னு ரெக்கை அடிச்சு குறி பாத்து, காலை முன்னாடி நீட்டி விழும், அதிகபட்சம் ஒரு மீட்டர் ஆழம் போகும், வெளி விரலை பின்னாடி திருப்பி ரெண்டு விரல் முன்ன ரெண்டு விரல் பின்னன்னு மீனை கவ்வும், உள்ளங்கால்ல முள்ளு முள்ளா இருக்குறதால வழுக்காது, மேல எழும்பினதும் தண்ணியை உதறிட்டு மீன் தலையை முன்பக்கமா திருப்பி பிடிச்சுக்கும். புதுசா பழகுற குஞ்சு பாதியில மனசு மாறி திரும்பும், தப்பான இடத்துல தொப்புன்னு விழும், வெறுங்காலோட எழும்பும். பெரியதுங்களே நிறைய தடவை தவற விடுறதுதான், அதனால வெறுங்காலோட வர்றத பாத்து இது தேறாதுன்னு தீர்ப்பு சொல்லாதீங்க. அதே மாதிரி தண்ணி மேல தாழ்வா பறந்து காலை மட்டும் நனைச்சு இழுத்துட்டு போறத வேட்டைன்னு குறிச்சுக்காதீங்க, அது சாப்பிட்டுட்டு காலை கழுவுறது, பெரியதுங்களும் செய்யும்.

அப்பன் மீனோட கூட்டை சுத்தி சுத்தி வருதே, இறங்க மாட்டேங்குதே, அது குஞ்சை வெளிய வரவெக்க ஆசை காட்டுறதுதானேன்னு கேப்பாங்க. இருக்கலாம்னு சொல்றதுக்கு முன்னாடி சுத்திமுத்தி பாருங்க. வேற ஒரு விராலடிப்பான் பக்கத்துல திரியுதா, பெரிய கழுகு எதாச்சும் இருக்கா, இல்ல கூட்டுக்கு கீழ கேமராவோட நீங்களே நின்னுட்டு இருக்கீங்களா. மூணாவதுதான் பல சமயம் காரணம். பெரிய பறவை கூட்டுக்கு மேல பறந்து விடாம எச்சரிக்கை குரல் குடுக்குதுன்னா நீங்க ரொம்ப பக்கத்துல இருக்கீங்கன்னு அர்த்தம், அது அடங்குற வரைக்கும் பின்னாடி போங்க. பறக்குறதுக்கு முந்தின ஒரு ரெண்டு வாரம் இதுல ரொம்ப ஆபத்தானது, அப்ப யாராவது கூட்டுக்கு பக்கத்துல போனா இன்னும் தயாராகாத குஞ்சு மிரண்டு குதிச்சிடும். ட்ரோன் வேண்டவே வேண்டாம். போன்ல அதோட குரலை போட்டு கூப்பிடுறதும் வேண்டாம். கூடு இருக்குற இடத்தை மேப்போட பப்ளிக்கா போடாதீங்க.

குஞ்சு தரையில கெடக்குறத பாத்தா உடனே துண்டை போட்டு தூக்குறதும் தப்பு. முதல் சில நாள் இறங்குறது கோணல்மாணலாத்தான் இருக்கும், கிளையை தவற விட்டு தரைக்கு வந்துடும், கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிட்டு தானே எழும்பிடும். நாய் கிட்ட வராம தூரத்துல நின்னு பாத்துக்கோங்க. ஆனா ஒரு ரெக்கை தொங்குது, நிக்க முடியல, கால்ல தூண்டில் நரம்பு சுத்தியிருக்குன்னா காத்திருக்க வேண்டாம், வனத்துறைக்கோ பறவை மீட்கிறவங்களுக்கோ உடனே போன் பண்ணுங்க. நரம்பை நீங்களே பிடிச்சு இழுக்காதீங்க, தோலுக்குள்ள தூண்டில் முள்ளு இருந்தா இன்னும் கிழியும், உங்க கையும் தப்பாது. இந்த பறவைங்க கண்ணுல பட்ட கயிறு, நரம்பு, பிளாஸ்டிக் எல்லாத்தையும் கூடு கட்ட தூக்கிட்டு வரும், அதுல கால் மாட்டி குஞ்சு சாகுறது நடக்குற விஷயம்தான். கரையில கெடக்குற நரம்பை பொறுக்குறது, கூட்டுக்கு கீழ நின்னு கவலைப்படுறத விட எவ்வளவோ மேல்.

எண்ணிக்கையில வர்ற குழப்பம் ஒண்ணு இருக்கு. கூடுகள் நெருக்கமா இருக்குற இடத்துல பக்கத்து வீட்டு குஞ்சு வந்து இந்த கூட்டுல உக்காந்து சாப்பிட்டுட்டு போகும், நீங்க நாலு குஞ்சுன்னு எழுதிடுவீங்க. குஞ்சையும் பெரியதையும் பிரிச்சு பாக்க முதுகை பாருங்க, இந்த வருஷ குஞ்சுக்கு ஒவ்வொரு பழுப்பு இறகுக்கும் வெளிர் ஓரம் இருக்கும், அதனால முதுகு செதில் செதிலா தெரியும், கண்ணு ஆரஞ்சு. பெரியதுக்கு முதுகு ஒரே பழுப்பு, கண்ணு மஞ்சள்.

கடைசியா, கிளம்புற நாள். எல்லாரும் குடும்பமா சேந்து போகும்னு எதிர்பாக்குறாங்க, இல்ல ஒரு வழியனுப்பு மாதிரி ஏதாவது நடக்கும்னு. ஒவ்வொண்ணும் தனித்தனியாத்தான் போகும், அண்ணன் தங்கச்சி கூட சேந்து போகாது. காத்து நல்லா இருக்குற ஒரு காலையில போயிடும், அது தெரியறதுக்கு உங்களுக்கு இன்னும் ரெண்டு மூணு நாள் ஆகும். அதனால நோட்டுல "இன்னிக்கு கிளம்பிருச்சு"ன்னு எழுதாம "கடைசியா பாத்தது"ன்னு தேதி போடுங்க, போயிடுச்சுன்னு நினைச்ச குஞ்சு மறுபடியும் கூட்டுல உக்காந்து கத்துறது சகஜம்.

அடுத்த வருஷம் வரலையேன்னு அழறதும் அவசரம்தான். வலசை போன குஞ்சு அடுத்த கோடையையும் போன இடத்துலயே கழிக்கும், ரெண்டு மூணு வயசுலதான் பொறந்த பக்கம் தலை காட்டும், அதுவரைக்கும் உயிரோட இருந்தா. பாதிக்கு மேல திரும்பி வராது. ஆண் பறவை பொறந்த இடத்துக்கு பக்கமா வந்து கூடு தேடும், பெண் தள்ளிப் போயிடும். அதே மாதிரி அடுத்த வசந்தத்துல பழைய கூட்டுல புதுசா ஒரு பறவை வந்து நின்னா "நம்ம குஞ்சு வந்துருச்சு"ன்னு பேரு வெச்சு கொண்டாடாதீங்க, அது பெரும்பாலும் இடம் தேடி வந்த வேற எவனோதான். கால்ல அடையாளத்துக்கு போட்ட வளையம் இருந்து, அதுல இருக்குற எழுத்து ஸ்கோப்புல தெளிவா படிக்க முடிஞ்சா மட்டும்தான் யாருன்னு சொல்லலாம், படிச்சா வளையம் போட்ட அமைப்புக்கு தேதியோட இடத்தோட எழுதி அனுப்பிடுங்க.