ஸ்வைப்பரில் படம் 3 கோடி பிக்சல் அகலத்துக்கு ஓடினால்

அண்ணி வீட்டிலேயே ஆரி வேலை செய்து பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் படமெல்லாம் மறுநாள் காணாமல் போகிறது, சின்னதாக ஒரு வலைப்பக்கம் செய்து கொடு என்றார். கல்யாண பிளவுஸ், பட்டுப் பாவாடை, சாதாரண வேலை என்று மூன்று தொகுப்பு. ஒவ்வொன்றும் தானாக நகர வேண்டும், விரலால் தள்ளினாலும் போக வேண்டும். அரை நாள் வேலை என்று உட்கார்ந்தேன், மூன்று ராத்திரி போனது. அதில் இரண்டு ஒரே ஒரு சிஎஸ்எஸ் வரிக்காகப் போனவை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கொஞ்சம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நிரலை இங்கே ஒட்டவில்லை. படங்களை வரிசையாக நகர்த்திக் காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ஸ்வைப்பரைப் பயன்படுத்தினேன். அதன் தளத்தில் டெமோ பகுதியில் ஒவ்வொரு மாதிரிக்கும் முழு நிரல் கிடக்கிறது, அதை எடுத்துக்கொண்டு நான் சொல்லும் இடங்களை மட்டும் மாற்றுங்கள்.

ஏன் ஸ்வைப்பர்? முன்பு இதே வேலையைச் செய்யும் ஸ்லிக் பயன்படுத்தினேன், அதற்கு ஜேக்வெரி என்ற இன்னொரு லைப்ரரி வேண்டும். தளத்தில் ஏற்கெனவே ஜேக்வெரி இருந்தால் சரி, இந்த ஒன்றுக்காக அதை இழுத்து வருவதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்வைப்பருக்கு அது வேண்டாம், இலவசமாகப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமம், தொடுதிரையில் நன்றாக வழுக்குகிறது. தானாக நகரவே வேண்டாம், தள்ளினால் போதும் என்பவர்கள் சிஎஸ்எஸ்ஸின் ஸ்க்ரோல்-ஸ்நாப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், லைப்ரரியே தேவையில்லை.

முதல் படி, கோப்புகள். இப்படிப்பட்ட கோப்புகளை இணையத்தில் வைத்துத் தரும் ஜேஎஸ்டெலிவர் சிடிஎன்னில் ‘பண்டில்’ என்று பெயரில் இருக்கும் இரண்டையும் எடுங்கள், ஒன்று சிஎஸ்எஸ், இன்னொன்று ஸ்கிரிப்ட். பண்டில் இல்லாத கோப்பில் அம்பு, புள்ளி, ஆட்டோபிளே எதுவும் வராது, நாமே தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். முகவரியில் பதிப்பு எண்ணையும் எழுதிவிடுங்கள், இரண்டு கோப்பிலும் ஒரே எண்.

அடுத்தது கட்டமைப்பு. வெளியே ‘ஸ்வைப்பர்’ என்ற கிளாஸ், அதற்குள் ‘ஸ்வைப்பர்-ராப்பர்’, அதற்குள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ‘ஸ்வைப்பர்-ஸ்லைடு’. நடுவில் இருக்கும் ராப்பரை விட்டுவிட்டால் எதுவும் நகராது. தேடிப் பிடிக்கும் பழைய பாடங்களில் வெளிப் பெட்டிக்கு ‘ஸ்வைப்பர்-கன்டெய்னர்’ என்று இருக்கும். 2021-இல் வந்த 7-ஆம் பதிப்பில் அந்த கிளாஸ் பெயரை எடுத்துவிட்டார்கள். எடுத்தவர்கள் சும்மா இருந்தார்களா, 2023-இல் 9-ஆம் பதிப்பில் அதே பெயரை ஒரு டேக்காகத் திரும்பக் கொண்டுவந்தார்கள்! அதனால் பாடத்தில் அது கிளாஸாக இருக்கிறதா டேக்காக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகலெடுங்கள்.

போனில் எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரத்தில் இருக்கும். படத்துக்கு அகலம் 100%, ஆஸ்பெக்ட்-ரேஷியோ 3/4, ஆப்ஜெக்ட்-ஃபிட் கவர் என்று கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, அமைப்புகள். ஒரே நேரத்தில் எத்தனை படம் தெரிய வேண்டும் என்பது ‘ஸ்லைட்ஸ்பெர்வியூ’, போனுக்கு 1.2 வைத்தேன். அடுத்த படத்தின் ஓரம் எட்டிப் பார்த்தால்தான் தள்ளலாம் என்று ஆட்களுக்குத் தெரிகிறது. பெரிய திரைக்கு ‘பிரேக்பாயின்ட்ஸ்’ உள்ளே 768 பிக்சலுக்கு 3. அங்கே எழுதும் எண் ‘இந்த அகலமும் அதற்கு மேலும்’ என்று பொருள், தலைகீழாகப் புரிந்துகொள்ளாதீர்கள். ஆட்டோபிளேயில் டிலே 3000, அதாவது 3 விநாடி. ‘டிசேபிள்ஆன்இன்டராக்‌ஷன்’ என்பதை ஃபால்ஸ் என்று நீங்களே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது ஒருமுறை தொட்டதும் ஓட்டம் நின்றுபோகலாம். எல்லாம் எழுதிச் சேமித்தேன். உள்ளூரில் தனிப் பக்கத்தில் அருமையாக ஓடியது.

அப்புறம்தான் வினை. அதையே அண்ணியின் பக்கத்தில் வைத்தேன், இடப்பக்கம் மெனு, வலப்பக்கம் படங்கள், இரண்டும் ஃப்ளெக்ஸில், அதாவது பெட்டிகளை வரிசையாக அடுக்கும் சிஎஸ்எஸ் முறையில். ஒரே ஒரு பிளவுஸின் கழுத்து ஓரம் திரை முழுக்க நிரம்பி நின்றது, கீழே இருக்கும் ஸ்க்ரோல் பட்டை கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. எஃப்12 அழுத்தி உலாவியின் டெவலப்பர் கருவியில் ஸ்லைடின் அகலத்தைப் பார்த்தால் 3.35544 என்று தொடங்கி, 10-இன் 7-ஆம் அடுக்கு. 3 கோடியே 35 லட்சம் பிக்சல்!

அந்த எண் தற்செயல் இல்லை. குரோம் நீளத்தை பிக்சலின் 64-இல் ஒரு பங்காக 32 பிட்டில் வைத்துக்கொள்கிறது, அதில் அடங்கும் உச்சம் 33554432. அதாவது பெட்டி வளர்ந்து வளர்ந்து இனி வளர இடமில்லை என்று முட்டி நின்றிருக்கிறது. ஏன் வளர்ந்தது? ஃப்ளெக்ஸுக்குள் இருக்கும் பெட்டிக்கு நாம் எதுவும் சொல்லாவிட்டால் குறைந்தபட்ச அகலம் ‘ஆட்டோ’. உள்ளே இருக்கும் சரக்கைவிடச் சிறுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஸ்வைப்பர் அந்த அகலத்தை அளந்து ஸ்லைடுகளுக்குப் பங்கு போடுகிறது. ஸ்லைடுகள் வரிசையாக நிற்பதால் சரக்கு அகலமாகிறது, பெட்டி விரிகிறது, ஸ்வைப்பர் திரும்ப அளக்கிறது, இப்படியே.

மருந்து ஒரு வரி: ‘மின்-விட்த்: 0’. ஆனால் எங்கே போடுவது என்பதில்தான் இரண்டாவது ராத்திரி போனது. நான் அதை ஸ்வைப்பர் கிளாஸிலேயே போட்டுக்கொண்டிருந்தேன், ஒன்றும் அசையவில்லை. போட வேண்டியது அதைச் சுமந்து நிற்கும் தாய்ப் பெட்டியில், அதாவது ஃப்ளெக்ஸின் நேரடிப் பிள்ளை எதுவோ அதில். ஃப்ளெக்ஸுக்குப் பதில் கிரிட் என்றால் ‘1எஃப்ஆர்’ இருக்கும் இடத்தில் ‘மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்)’. போட்டேன், பக்கத்தைப் புதுப்பித்தேன், மூன்று பிளவுஸும் சமர்த்தாக வரிசையில் நின்றன.

கடைசி வேலை மூன்று தொகுப்பையும் பிரிப்பது. அம்பு பொத்தான்கள் ஸ்வைப்பர் பெட்டிக்குள்ளேயே இருந்தால் தானாகப் பிரிந்துகொள்ளும். அழகுக்காக வெளியே, தலைப்புக்குப் பக்கத்தில் வைத்தால் ஓர் அம்பை அழுத்த மூன்றும் சேர்ந்து ஓடும். ஒவ்வொரு தொகுப்பையும் ஒரு செக்‌ஷனுக்குள் போட்டு, ‘ஃபார்ஈச்’ சுற்றில் அந்தந்த செக்‌ஷனுக்குள் இருக்கும் பொத்தானைத் தேடி எடுத்துக் கொடுங்கள்.

பின்சேர்க்கை: முடிவில்லாமல் சுற்ற வைக்கும் ‘லூப்’ போட்டால் கடைசிப் படத்தில் குதிக்கிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். ஒரே நேரத்தில் 3 படம் காட்டிவிட்டு மொத்தம் 4 படம் மட்டும் வைத்திருந்தால் சுற்ற ஆள் போதாது. படங்களைக் கூட்டுங்கள், அல்லது லூப்பை எடுத்துவிட்டு ‘ரீவைண்ட்’ போடுங்கள், கடைசியிலிருந்து முதலுக்கு ஓடி வந்துவிடும். இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது.

இன்னொன்று: ஒரு படம் மங்கி அடுத்தது தோன்றும் ஃபேடு எஃபெக்டில், பின்னணி வெட்டிய பிஎன்ஜி படங்களில் முந்தைய பிளவுஸ் பேய் மாதிரி பின்னால் தெரிந்தால் ‘ஃபேடுஎஃபெக்ட்’ உள்ளே ‘கிராஸ்ஃபேடு’ ட்ரூ.

மூன்றாவது பின்சேர்க்கை, இது என்மேலேயே வந்த குறை. தானாக 5 விநாடிக்கு மேல் ஓடும் எதையும் நிறுத்த வழி இருக்க வேண்டும் என்று அணுகல்தன்மை விதியான டபிள்யூசிஏஜி சொல்கிறது, நான் வைக்கவில்லை. இப்போது ஒரு நிறுத்தும் பொத்தான் வைத்து ‘ஆட்டோபிளே.ஸ்டாப்’ அழைக்கிறேன். அண்ணியின் வாடிக்கையாளர்கள் எம்பிராய்டரியைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்குள் படம் ஓடிவிடுகிறது என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள், எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.