லிட்கேட் கடற்கரைப் பூங்கா: சின்னப் பிள்ளைகளோடு முதல் தடவை போகிறவர்களுக்கு

ஹவாயின் கவாய் தீவில் நீச்சல் தெரியாத பிள்ளைகளைக் கடலில் இறக்க ஓர் இடம் சொல்லுங்கள் என்று கேட்டால், பதில் லிட்கேட்தான். தீவின் கிழக்குக் கரையில், வைலுவா ஆறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டி இருக்கிறது. 1964-இல் எரிமலைப் பாறைகளைக் கடலுக்குள் அடுக்கி இரண்டு குளங்கள் கட்டினார்கள்: ஒன்று பெரியது, ஒன்று சிறுவர்களுக்கானது. அமைப்பை யோசித்தவர் ஆல்பர்ட் மோர்கன் என்பதால் ‘மோர்கன் குளங்கள்’ என்றும் பெயர். அலை சுவருக்கு வெளியிலேயே உடைந்துவிடும். கல் இடுக்கு வழியாகத் தண்ணீரும் மீன்களும் மட்டும் உள்ளே வந்து போகும்.

சுவர் இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இந்தக் குளம் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது.

1. நாளையும் நேரத்தையும் பாருங்கள்

முதலில் மழை. தீவின் நடுவில் இருக்கும் வயாலியாலி மலை உலகிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. கடற்கரையில் வெயில் அடித்தாலும், மலையில் பெய்த மழை வைலுவா ஆற்றின் வழியாகச் சேறு, மரக்கட்டை, கழிவு எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து தள்ளும். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தால் பிள்ளைகள் எவ்வளவு அழுதாலும் இறக்காதீர்கள். அந்த நீரில் கிருமி இருக்கும். கலங்கிய நீரில் சுறா வருவதற்கும் வாய்ப்பு உண்டு. பலத்த மழைக்குப் பிறகு ஹவாய் சுகாதாரத் துறை பழுப்பு நீர் எச்சரிக்கை வெளியிடும். கிளம்பும்முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது காற்று. வடகிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்று (trade wind) இந்தக் கரையில் நேராக மோதும். பொதுவாகக் காலையில் மெதுவாக வீசி, மதியம் நெருங்க நெருங்க வேகம் பிடிக்கும். ஆகவே எட்டு, எட்டரைக்குள் அங்கே இருப்பது நல்லது. தண்ணீரும் அப்போதுதான் தெளிவாக இருக்கும்.

2. பையில் என்ன வைக்க வேண்டும்

சன்ஸ்கிரீனில்தான் முதல் சிக்கல். ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் சேர்த்தவை பவளப்பாறைக்குக் கேடு என்று ஹவாயில் 2021 ஜனவரி முதல் விற்பனைக்குத் தடை. ஊரிலிருந்தே வாங்கிப் போவதானால் ஜிங்க் ஆக்ஸைடு உள்ளதாகப் பாருங்கள். நீரில் இறங்குவதற்கு 15 நிமிடம் முன்பு பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். இதைவிடச் சுலபம், பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சல் சட்டை போட்டுவிடுவது. பருத்தி டி-ஷர்ட் வேண்டாம். நனைந்தால் கனத்து, காற்றில் குளிரும்.

அடியில் கல்லும் பவளத் துண்டும் கிடக்கும் என்பதால் ரப்பர் அடி வைத்த தண்ணீர்க் காலணி எல்லோருக்கும் தேவை. நீச்சல் தெரியாத பிள்ளைக்கு அதன் எடைக்கு ஏற்ற லைஃப் ஜாக்கெட். காற்றடைத்த கைப்பட்டைகளை நம்ப வேண்டாம், ஈரத்தில் வழுக்கிக் கழன்றுவிடும்.

சாப்பாடும் குடிநீரும் கையோடு கொண்டு போங்கள். கூரை போட்ட மேசைகள் இருக்கின்றன. ஆனால் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பாதீர்கள். கவாய் முழுக்கக் காட்டுக்கோழிகள். உங்கள் புளிச்சோற்றுக்கு உங்களைவிட அவற்றுக்கு அவசரம் அதிகம்.

3. வழி

லிஹூயே விமான நிலையப் பக்கமிருந்து குஹியோ நெடுஞ்சாலையில் (எண் 56) வடக்கே வாருங்கள். வைலுவா ஆற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால் வலப்பக்கம் லேஹோ டிரைவ் பிரியும். அதில் திரும்பி, பிறகு மறுபடி வலது. பாலத்தைத் தாண்டிவிட்டால் தவறவிட்டீர்கள் என்று அர்த்தம். காரில் பர்ஸ், பாஸ்போர்ட் எதையும் விட்டுவைக்காதீர்கள்.

4. இறங்குமுன் பத்து நிமிடம்

இதைத் தவிர்க்கவே கூடாது. கரையில் நின்று வெளிச்சுவரைப் பாருங்கள். அவ்வப்போது கொஞ்சம் நீர் தெறித்தால் பரவாயில்லை. அலை திரும்பத் திரும்பச் சுவரைத் தாண்டி உள்ளே கொட்டினால், உள்ளே வந்த தண்ணீர் வெளியேற வழி தேடிக் கல் இடுக்குகளை நோக்கி இழுக்கும். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு மணல்தான். சந்தேகம் என்றால் லைஃப்கார்டிடம் கேளுங்கள். சுவர்மேல் ஏறி நின்று படம் எடுப்பதும் வேண்டாம். பாசி வழுக்கும், அலை வரும்போது பிடிக்க எதுவும் இருக்காது.

5. சின்னக் குளம், பிறகு பெரிய குளம்

பிள்ளைகளைச் சின்னக் குளத்தில் தொடங்குங்கள். பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் எப்போதும் நிற்க வேண்டும், கரையில் ஃபோனோடு அல்ல.

ஓரளவு பழகிய பிறகு பெரிய குளத்தில் ஸ்னார்கெல் (கண்ணாடி மாஸ்க் போட்டு, குழாய் வழியாக மூச்சு விட்டபடி நீருக்குள் பார்ப்பது). மாஸ்க் சரியாகப் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சிக் கையை எடுங்கள். விழாமல் நின்றால் அது உங்கள் அளவு. தண்ணீர் புகுவதற்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே மாட்டிக்கொண்ட முடிதான், அல்லது மீசை. பட்டையை இறுக்கினால் சரியாகாது, விளிம்பு வளைந்து இன்னும் ஒழுகும். கண்ணாடி பனிக்காமல் இருக்கக் குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு தேய்த்து, லேசாக அலசிவிடுங்கள். நெற்றியில் சன்ஸ்கிரீன் அதிகம் வேண்டாம். வழிந்து கண் எரியும்.

இடுப்பளவு நீரில் நின்று முகத்தை மட்டும் வைத்து, வாயால் நிதானமாக மூச்சு விடப் பழகியபின் மிதக்கலாம். மீன்கள் பெரும்பாலும் பாறையோரத்தில்தான் இருக்கும். அவற்றுக்குத் தீனி போடாதீர்கள், பழகிவிட்டால் விரலைக் கடிக்கும்.

6. மணலில் சீல் (கடல்நாய்) படுத்திருந்தால்

ஹவாய் மங்க் சீல் இந்தத் தீவுகளில் மட்டுமே வாழும், அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினம். அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், தூங்குகிறது. குறைந்தது 15 மீட்டர் தள்ளி நில்லுங்கள், குட்டியோடு இருந்தால் 45 மீட்டர். ஆமைக்கு 3 மீட்டர். சீலைத் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம்.

7. கரையேறிய பின்

ஷவரில் உப்பைக் கழுவிவிட்டு, தன்னார்வலர்கள் சேர்ந்து 1994-இல் கட்டிய கமலானி விளையாட்டுத் திடலுக்குப் பிள்ளைகளை விடலாம். ஆற்று முகத்துவாரம் பக்கம் நடந்தால் பழைய ஹவாய் வழிபாட்டுத் தலத்தின் கற்கள் தெரியும். அவற்றின்மேல் ஏறவோ கல் எடுக்கவோ கூடாது.

தமிழர்களுக்கு இன்னொரு காரியமும் உண்டு. யாழ்ப்பாணத்து யோகசுவாமியிடம் தீட்சை பெற்ற சிவாய சுப்ரமுனியசுவாமி நிறுவிய கவாய் ஆதீனமும், அங்குள்ள ‘இறைவன்’ என்ற பெயருள்ள சிவன் கோயிலும் இதே வைலுவா ஆற்றின் மேட்டில்தான், காரில் சிறிது நேரம். பார்வையாளர் நேரம் காலையில் என்பதால் கடலையும் கோயிலையும் ஒரே நாளில் திணிக்காமல் வேறு நாள் வையுங்கள். நேரத்தையும் முன்பதிவையும் ஆதீனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.