பழைய சிங்களப் படங்களை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

முதல் படத்திலிருந்தே வரிசையாகப் பார்க்க வேண்டாம். நான் அப்படித்தான் தொடங்கிப் பாதியில் விட்டேன். 1947இல் வந்த 'கடவுனு பொரொந்துவ'தான் முதல் சிங்களப் பேசும் படம். எடுத்தது மதுரையில், தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். அக்காலப் படங்கள் பலவும் தென்னிந்திய ஸ்டூடியோக்களில் உருவானவை. நமக்குப் பழகிய பாட்டும் அழுகையும்தான் அவற்றில் இருக்கும்.

அதனால் 1956இல் வந்த 'ரேகாவ'வில் தொடங்குங்கள். இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் கமெராவை ஸ்டூடியோவுக்கு வெளியே, கிராமத்துக்குக் கொண்டுபோன படம். கதையை விடுங்கள், முதலில் வெயிலைப் பாருங்கள். முகங்களில் விழுவது உண்மையான வெயில்.

அப்புறம் 'கம்பெரலிய'. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவல். 1965இல் டெல்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது வாங்கியது. இதை அவசரமாகப் பார்க்கக் கூடாது. பெரிய வீடு ஒன்று மெல்ல மெல்ல நொடித்துப்போவதைப் பேச்சை விட மௌனம்தான் அதிகம் சொல்கிறது. சப்டைட்டிலை நிறுத்திவிட்டு ஒரு காட்சியை மீண்டும் பாருங்கள், சிங்களம் தெரியாவிட்டாலும் புரியும்.

அது பிடித்தால் சரி, 1972இன் 'நிதானய'வுக்குப் போகலாம். நாயகன் காமினி பொன்சேகாவின் கண்களை மட்டும் கவனியுங்கள். புதையலுக்காக மனைவியைப் பலியிட நினைப்பவன் அவளையே நேசிக்கவும் தொடங்குகிறான். இரண்டும் அந்தக் கண்களில் தெரியும். எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை.

கடைசியாக, சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே எடுத்த 'பொன்மணி'யைத் தேடிப் பாருங்கள்.