சிகாகோல ஒரு வருஷம் முழுக்க இண்டி, கேரேஜ் ராக் ஷோ பாக்குறது எப்படி

பேண்டை துரத்தாதீங்க, ரூமைப் புடிங்க. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன், மத்ததெல்லாம் இதுக்குப் பின்னாடி வர்ற விவரம். நிறைய பேர் ஜனவரில புடிச்ச பேண்டையெல்லாம் லிஸ்ட் போட்டு ஆப்ல அலர்ட் வச்சுட்டு உக்காந்துருவாங்க, அதுல பாதி அந்த வருஷம் டூரே கிளம்பாது, மீதி வந்தா போன்ல அலர்ட் வர்றதுக்குள்ள டிக்கெட் காலி, டிசம்பர்ல கணக்குப் பாத்தா பாத்தது மூணே ஷோ. அதுக்கு பதிலா நாலஞ்சு சின்ன இடத்தை எடுத்துக்கிட்டு அவங்க காலண்டரை வாரம் ஒரு தடவ பாருங்க. அங்க பேண்டு புக் பண்றவருக்கு நம்மளை விட காது நல்லா இருக்கும், அது அவர் பொழப்பு, அவர் சலிச்சுக் குடுக்குறதை நாம எடுத்துக்கிட்டா போதும்.

புதுசா கேக்குறவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். இண்டின்னா பெரிய ரெக்கார்ட் கம்பெனிங்களை நம்பாம தனியா இயங்குற பேண்டுங்க. கேரேஜ் ராக்னா, 60கள் நடுவுல அமெரிக்கா பூரா ஸ்கூல் பசங்க வீட்டு கார் ஷெட்ல மூணே மூணு கிட்டார் கார்டை (chord) வச்சுக்கிட்டு, கிட்டாரை ஃபஸ் பெடல்ல கிழிய விட்டு, தொண்டை கிழிய கத்தினது. சிகாகோவுக்கும் இதுல பங்கு உண்டு, ஷேடோஸ் ஆஃப் நைட்னு ஒரு பேண்டு 1966ல அமெரிக்க டாப் டென்ல வந்தாங்க, அவங்க ஆர்லிங்டன் ஹைட்ஸ்ல தி செல்லார்ங்கிற டீன் கிளப்ல வாசிச்சு வளர்ந்த வடமேற்கு சபர்ப் பசங்க. ஆமா, நம்மாளுங்க இப்ப வீடு வாங்கி செட்டில் ஆகுற அதே ஏரியாதான். அப்புறம் 90கள்ல டெட்ராய்ட், மெம்ஃபிஸ், அதுக்கப்புறம் சான் ஃப்ரான்சிஸ்கோன்னு அலை அலையா திரும்பி வந்துட்டே இருக்கு, இன்னும் ஓயல.

இப்ப ரூமுங்க. முதல் இடம் எம்ப்டி பாட்டில், வெஸ்டர்ன் அவென்யூல யுக்ரேனியன் வில்லேஜ்ல இருக்கு, 90கள் ஆரம்பத்துலேர்ந்து நடக்குது, ஒரு 400 பேர் புடிக்கும். வாசல்ல மேல மியூசிக், ஃப்ரெண்ட்லி, டான்சிங்னு எழுதியிருக்கும், உள்ள போனா இருட்டு, சிந்துன பியர் வாசம், நடந்தா ஷூ அடில ஒட்டிட்டு வர்ற தரை. திங்கக்கிழமை ராத்திரில இலவச ஷோ பல வருஷமா நடத்துறாங்க, இந்த வருஷம் எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டா அங்கேர்ந்துன்னுதான் சொல்லுவேன், புடிக்கலைன்னா மூணாவது பாட்டுல எந்திரிச்சு வந்துரலாம், காசும் போகல.

ஷூபாஸ் இன்னும் சின்னது, பெல்மான்ட்டும் சவுத்போர்ட்டும் சேர்ற முக்குல, 1903ல ஷ்லிட்ஸ் பியர் கம்பெனி கட்டின கட்டடம், வெளிச் சுவத்துல அந்த கம்பெனியோட உலக உருண்டை சிற்பம் இன்னும் இருக்கு. பின்கட்டுல மரத்தால ஆன ரூம், 150, 160 பேர் நின்னாலே நிறைஞ்சுரும், சத்தம் சுத்தமா கேக்கும், பாட்டு வரி புரியணும்னு நினைக்கிறவங்களுக்கு இதுதான் இடம். அவங்க ஆளுங்களே நடத்துற லிங்கன் ஹால் ஒரு 500 பேர். ஹைட்அவுட் அதை விட வீடு மாதிரி, ஆனா ட்ரெயின் பக்கத்துல இல்ல, கார்லயோ ஊபர்லயோ போறதுதான் வசதி. பில்சன்ல இருக்கிற தாலியா ஹால் 1892ல கட்டினது, பால்கனியோட பழைய நாடகக் கொட்டகை, எம்ப்டி பாட்டில் ஆளுங்க 2013ல திரும்பத் திறந்தாங்க, எம்ப்டி பாட்டில்ல வாசிச்ச பேண்டு கொஞ்சம் பெருசானா அடுத்து அங்கதான் வரும். மெட்ரோ 1982ல திறந்தது, முதல் ஷோவே ஆர்.இ.எம்., 1100 பேர் வரைக்கும் புடிக்கும், ரிக்லி ஃபீல்டு பேஸ்பால் மைதானத்துக்கு ரொம்பப் பக்கம், அதனால அங்க ஆடுற கப்ஸ் டீமுக்கு மேட்ச் இருக்கிற நாளா இல்லையான்னு பாத்துட்டுப் போங்க, இல்லைன்னா ஆடிசன் ஸ்டேஷன்ல நீல டிஷர்ட் கூட்டத்துல மாட்டிக்கிட்டு ஓப்பனரை, அதாவது மெயின் பேண்டுக்கு முன்னாடி வாசிக்கிற பேண்டை, விட்டுருவீங்க.

சரி, வருஷம் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கங்க, ஏன்னா ஷோ எல்லா மாசமும் ஒரே மாதிரி வராது. ஜனவரில பனில வேன் ஓட்டிட்டு வர வெளியூர் பேண்டுக்கு மனசு வராது, அதனால அந்த நேரம் உள்ளூர் பசங்களுக்கு. டுமாரோ நெவர் நோஸ்னு ஒரு குளிர்கால ஃபெஸ்டிவல் ஜனவரில பல ரூம்ல ஒரே வாரத்துல நடக்கும், ஒரு வாரத்துல ஊர்ல இருக்கிற பாதி பேண்டை பாத்துரலாம். உள்ளூர்னதும் எளக்காரமா நினைக்காதீங்க. ஹார்ஸ்கேர்ள், லைஃப்கார்ட் ரெண்டும் இங்க ஹைஸ்கூல் படிக்கும்போதே வாசிச்சுக்கிட்டிருந்த பசங்க, அக்கா ஒரு பேண்டு தம்பி இன்னொரு பேண்டு, தங்களுக்குள்ளயே கையால ஒட்டி ஜெராக்ஸ் போட்டு பத்திரிகை அடிச்சு, வயசு வரம்பு இல்லாத ஷோவா நடத்திக்கிட்டிருந்தாங்க, ரெண்டு பேரையும் மேட்டடார்ங்கிற ரெக்கார்ட் கம்பெனி எடுத்துக்கிச்சு. லைஃப்கார்ட்ல கிட்டார் வாசிக்கிற பையனே ஷார்ப் பின்ஸ்ங்கிற பேர்ல 60கள் வாடையோட தனியா போடுறதையும் கேளுங்க, எனக்கு மூணுலயும் அதான் ஒசத்தி.

மார்ச்ல ஆஸ்டின்ல சவுத் பை சவுத்வெஸ்ட்ங்கிற ஃபெஸ்டிவல் நடக்குறதால போற வழிலயும் வர்ற வழிலயும் பேண்டுங்க இங்க ஒரு நாள் நிக்கும், அப்படியே ஏப்ரல் மே வரைக்கும் காலண்டர் நிரம்பி வழியும், இந்த மூணு மாசத்துக்குன்னு தனியா காசு எடுத்து வச்சுருங்க. கோடை வந்தா விஷயம் மாறும். லொலபலூசா மாதிரி பெரிய ஃபெஸ்டிவல்ல வாசிக்க ஒத்துக்கிட்ட பேண்டு அதுக்கு முன்ன பின்ன சில மாசத்துக்கு இந்த ஊரு சுத்துவட்டாரத்துல வேற ஷோ போடக் கூடாதுன்னு கான்ட்ராக்ட்லயே எழுதிருப்பாங்க, அதனால ஜூன் ஜூலைல கிளப் காலண்டர்ல பெரிய பேரெல்லாம் காணாமப் போயிரும், நீங்க பாட்டுக்கு ஊர்ல ஒண்ணுமே நடக்கலன்னு நினைச்சுக்காதீங்க. லொலபலூசா நடக்குற வாரத்துல மெட்ரோ மாதிரி ரூம்கள்ல ராத்திரி நடக்குற ஆஃப்டர்ஷோவைப் புடிங்க, கிராண்ட் பார்க்ல லட்சம் பேர் தலைக்குப் பின்னாடி எறும்பு சைஸ்ல தெரியிற பேண்டு அங்க பத்தடி தூரத்துல நிக்கும்.

கோடைக்கு இன்னொரு வழி தெருத் திருவிழா. டூ டிவிஷன், வெஸ்ட் ஃபெஸ்ட், விக்கர் பார்க் ஃபெஸ்ட்னு வரிசையா வரும், தெருவை ரெண்டு பக்கமும் மறிச்சு ஸ்டேஜ் போட்டுருவாங்க, அதுல சிலதுக்கு கிளப் ஆளுங்களே பேண்டு புக் பண்றதால லைன்அப் நல்லா இருக்கும். வாசல்ல பக்கெட்டோட நின்னு பத்து டாலர் கேப்பாங்க, அது டிக்கெட் இல்ல நன்கொடை, பொதுத் தெருங்கிறதால கட்டாயப்படுத்த முடியாது, ஆனா குடுங்கப்பா, அந்தக் காசுலதான் அடுத்த வருஷம் நடக்கணும். குழந்தை குட்டியோட போறதுக்கும் இதான் சரி, மதியம் ரெண்டு மணிக்கு வாசிக்கிற பேண்டுக்கு கூட்டமே இருக்காது, குழந்தை காதுக்கு மட்டும் பெரிய இயர்மஃப் வாங்கிருங்க.

செப்டம்பர்லேர்ந்து நவம்பர் பாதி வரைக்கும்தான் என்னைக் கேட்டா உச்சம். ஃபெஸ்டிவல் முடிஞ்சு எல்லாரும் புது ஆல்பத்தோட வேன்ல ஏறியிருப்பாங்க, ஒரே ராத்திரில மூணு ரூம்ல மூணு நல்ல ஷோ வந்து மண்டையைப் பிச்சுக்க வைக்கும். அந்த மாதிரி நாள்ல எது சின்ன ரூமோ அங்க போங்க, பெரிய ரூம்ல இருக்கிறவன் அடுத்த வருஷமும் வருவான்.

ஆப்ல தேடும்போது ஒண்ணு கவனிங்க, இந்த உலகத்துல பேண்டுங்க பேரை மாத்திக்கிட்டே இருப்பாங்க. ஓசீஸ் பேண்டையே எடுத்துக்கங்க, ஓசிஎஸ், தீ ஓ சீஸ், ஓ சீஸ்னு ஆல்பத்துக்கு ஆல்பம் எழுத்து மாறும், பழைய பேருக்கு அலர்ட் வச்சுட்டு உக்காந்திருந்தா ரெண்டு டிரம்மரை ஸ்டேஜ் முன்னாடி நட்ட நடுவுல உக்கார வச்சு அடிக்கிற அந்த ஷோவை கோட்டை விட்டுருவீங்க. ஆப்பை மட்டும் நம்பாம சர்ப் (CHIRP) ரேடியோன்னு உள்ளூர் எஃப்எம் 107.1 கேளுங்க, ரெக்லஸ் ரெக்கார்ட்ஸ் கடைக்குப் போனா போஸ்டரையும் ஒரு பார்வை பாத்துட்டு வாங்க.

டிக்கெட் விலை சின்ன ரூம்ல பெரும்பாலும் 15லேர்ந்து 25 டாலர், அதுக்கு மேல கட்டணம்னு ஒண்ணு ஏறும். 2025 மே மாசத்துலேர்ந்து மொத்த விலையையும் முதல்லயே காட்டணும்னு அமெரிக்க அரசு விதி வந்துருச்சு, அதனால கடைசிப் பக்கத்துல நெஞ்சைப் புடிக்கிற வேலை குறைஞ்சுருக்கு, ஆனா கட்டணம் ஒண்ணும் ஒழியல. அடுத்து பாக்ஸ் ஆபீஸ் இருக்கிற இடம்னா நேர்ல வாங்கினா மிச்சமாகுமான்னு கேட்டுப் பாருங்க. தீர்ந்துபோச்சுன்னு போட்டாலும் உடனே ரீசேல்ல மூணு மடங்கு குடுக்காதீங்க, ஷோ அன்னைக்கு மதியம் கெஸ்ட் லிஸ்ட்ல மிஞ்சினதை திறந்து விடுறதுண்டு, டைஸ் மாதிரி ஆப்ல வெயிட்டிங் லிஸ்ட்டும் இருக்கு, வர முடியாதவங்க வாங்குன விலைக்கே விட்டுட்டுப் போவாங்க.

ஐடி விஷயத்துல அசால்ட்டா இருக்காதீங்க, எம்ப்டி பாட்டில் மாதிரி இடமெல்லாம் 21 வயசுக்கு மேலதான், தலை நரைச்சிருந்தாலும் கேப்பாங்க. ஊர்லேர்ந்து வந்த தம்பி தங்கச்சியைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா பாஸ்போர்ட்டை கையோட எடுத்துட்டு வரச் சொல்லுங்க, நம்ம ஊர் டிரைவிங் லைசென்ஸைக் காட்டினா வாசல்ல நிக்கிறவர் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு திருப்பியே குடுத்துருவார். டிக்கெட்ல போட்டிருக்கிறது கதவு திறக்குற நேரம், மெயின் பேண்டு ஏற பத்தரை பதினொண்ணு ஆகும், ஆனா ஓப்பனரைப் பாக்காம போறது வேஸ்ட், அடுத்த வருஷம் நீங்க டிக்கெட் எடுக்கப் போற பேண்டு அதுதான்.

சபர்ப்லேர்ந்து வர்றவங்களுக்கு: மெட்ராங்கிற சபர்ப் ட்ரெயினை நம்பி வந்தா, கூட்டம் கத்தி பேண்டு மறுபடி வந்து வாசிக்கிற என்கோர் நடுவுல கடைசி ட்ரெயினுக்காக ஓடணும். ரோஸ்மாண்ட்லயோ கம்பர்லேண்ட்லயோ காரை போட்டுட்டு ப்ளூ லைன் ட்ரெயின் ஏறிடுங்க, அது ராத்திரி பூரா ஓடும், டேமன்லயோ டிவிஷன்லயோ இறங்கி பஸ்ஸோ நடையோ. குளிர்காலத்துல தடிமனான கோட்டு போட்டுட்டு வராதீங்க, சின்ன ரூம்ல மாட்ட இடம் இருக்காது, இடுப்புல கட்டிக்கிட்டு மூணு மணி நேரம் வேர்வைல நிக்கணும். மெல்லிசா ரெண்டு ஸ்வெட்டர், மடக்கி பைல திணிக்கிற ஜாக்கெட், அவ்ளோதான். பார்ல யாராவது மலார்ட் வாங்கித் தர்றேன்னு சொன்னா அது இந்த ஊர் வரவேற்பு, வாங்கிக்கங்க, நிலவேம்பு கஷாயத்தை சாராயத்துல கரைச்ச மாதிரி இருக்கும், ஒரே மடக்குல விட்டுட்டு மூஞ்சியைக் கோணுங்க, அவங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

காதைப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இதை யாரும் சீரியஸா எடுக்க மாட்டேங்குறாங்க. அமெரிக்க தொழிலாளர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நயோஷ் சொல்ற கணக்குப்படி 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் தாங்கலாம், அதுக்கு மேல மூணு மூணா ஏற ஏற நேரம் பாதியாகும், அதாவது 100 டெசிபல்ல வெறும் 15 நிமிஷம். கேரேஜ் ஷோ சாதாரணமா அந்த அளவைத் தாண்டும், சின்ன ரூம்ல டிரம்முக்கு மைக்கே வேண்டாம், சிம்பல் சத்தம் நேரா மண்டைக்குள்ள இறங்கும். பஞ்சு மாதிரி ஃபோம் ப்ளக் காப்பாத்தும், ஆனா மேல் ஸ்தாயி எல்லாம் போய் பக்கத்து வீட்டுல வாசிக்கிற மாதிரி ஆயிரும். எல்லா ஸ்தாயியையும் கிட்டத்தட்ட ஒரே அளவுல குறைக்கிற மியூசிஷியன் ப்ளக்னு தனியா விக்குது, அதுல பேர் போன எட்டிமோட்டிக் கம்பெனி நம்ம பக்கத்து எல்க் குரோவ் வில்லேஜ்லேர்ந்துதான் வளர்ந்துச்சு. முதல் டிக்கெட் வாங்குறதுக்கு முன்னாடி அதை வாங்கி சாவிக்கொத்துல மாட்டிக்கங்க.

எங்க நிக்கிறது? ஸ்டேஜ்ல ஒட்டி நின்னா உங்களுக்கு நேரா இருக்கிற ஆம்ப், அதாவது கிட்டாரோட ஸ்பீக்கர் பெட்டி, மட்டும்தான் கேக்கும், பாடுறவர் குரல் ஸ்பீக்கர் வழியா உங்க தலைக்கு மேல பறந்து பின்னாடி போயிரும். முழுப் பாட்டும் கேக்கணும்னா சவுண்ட் மிக்ஸ் பண்றவர் பக்கத்துல நில்லுங்க, அவருக்கு நல்லா கேக்குற மாதிரிதானே அவர் வைப்பாரு. ஆனா டை செகால் மாதிரி கேரேஜ் ராக் ஆளு வந்தா சவுண்டாவது ஒண்ணாவது, முன்னாடி போயிருங்க. நடுவுல இடிச்சுக்கிட்டு ஆடுறவங்க கூட்டம் இருக்கும், வேண்டாம்னா ரெண்டு ஓரத்துல சுவத்தை ஒட்டி நின்னுக்கலாம், யாராவது விழுந்தா சுத்தி இருக்கிற எல்லாரும் கை குடுத்து தூக்கி விடுவாங்க, நீங்களும் தூக்கி விடணும்.

ஷோ முடிஞ்சதும் கிளம்பிராதீங்க. சட்டை ஒட்டின வேர்வையோட கிட்டாரை பெட்டில வச்சு, ஆம்ப் வயரைச் சுருட்டி, பாட்டு வரிசை எழுதின செட்லிஸ்ட் பேப்பரை ஸ்டேஜ்லேர்ந்து பிய்ச்சு முன்னாடி நிக்கிற பொண்ணு கைல குடுத்துட்டு, அதே ஆள் ஓடி வந்து டிஷர்ட் மேஜைக்குப் பின்னாடி நிப்பாரு. அடுத்த ஊருக்கு பெட்ரோல் காசு அந்த மேஜைலதான் வருது. ஸ்பாட்டிஃபைல வருஷம் பூரா கேட்டாலும் ஒரு ரெக்கார்ட் வாங்குற அளவுக்கு அவங்களுக்குப் போய்ச் சேராது. கைல கொஞ்சம் ரொக்கம் வச்சுக்கங்க, ஏழு இன்ச் ரெக்கார்ட்னா கம்மி விலைதான், டூர்ல மட்டும் விக்கிற கேசட்டெல்லாம் இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு வெளியூர் ட்ரிப்னா கண்ணை மூடிக்கிட்டு மெம்ஃபிஸ் கோனர்ஃபெஸ்ட். ஒப்ளிவியன்ஸ் பேண்டோட எரிக் ஃப்ரீடல் ஆரம்பிச்ச கோனர் ரெக்கார்ட்ஸ் 2005லேர்ந்து நடத்துறது, இப்பல்லாம் செப்டம்பர் கடைசி வாக்குல நாலு நாள், ஆஸ்திரேலியா ஜப்பான்லேர்ந்தெல்லாம் கேரேஜ் பேண்டு வரும், நீங்க பேரே கேள்விப்படாத ஆளுங்கதான் அசத்துவாங்க. ஃப்ளைட் வேண்டாம், யூனியன் ஸ்டேஷன்ல சாயங்காலம் கிளம்புற ஆம்ட்ராக் ட்ரெயின் விடியக்காலைல மெம்ஃபிஸ்ல இறக்கி விட்டுரும், கோச் சீட்டே தாராளமா சாயும், ஒரு போர்வை மட்டும் எடுத்துக்கங்க, ஏசி கொல்லும். திரும்பும்போதும் அதே மாதிரி ராத்திரி ஏறினா காலைல சிகாகோ, ஆனா வண்டி லேட்டாகும், திங்கக்கிழமை காலைல ஆபீஸ்ல எந்த மீட்டிங்கும் ஒத்துக்காதீங்க.